தங்கப்பழத்தின் பாதி ரோடு

காலையில் எழுந்ததும் வானத்தை வைதுவிட்டுத்தான் தங்கப்பழம் பல் துலக்குவாள். "ஏலே, இன்னைக்காவது மூஞ்சியக் காட்டுதியா இல்லியா?" சூரியனைத்தான் ஏலே என்கிறாள். நாற்பது வயது, ஒல்லி உடம்பு, சங்கரன்கோவில் சந்தைவரை கேட்கிற குரல். செருப்பு போட மாட்டாள். தரை காய்ந்ததா, ஈரமா என்று உள்ளங்கால்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

அந்த மார்கழியில் பதினொரு நாள் அடைமழை. பிடுங்கிய உளுந்துச் செடி அவள் வீட்டுத் தாழ்வாரத்தில் குவிந்து கிடந்தது. உள்ளே கையை விட்டால் புழுக்கம். இரண்டொரு காயில் முளைகூட எட்டிப் பார்த்தது. அவளுக்கு வருஷச் சாப்பாடும் அதுதான், அடுத்த விதையும் அதுதான்.

பன்னிரண்டாம் நாள் சுள்ளென்று வெயில் விழுந்தது. களத்தில் முழங்கால் சேறு. தங்கப்பழம் செடியைச் சுமந்து வந்து ஒரு பஸ் அகலமே உள்ள திருவேங்கடம் ரோட்டில் பாதியை அடைத்துப் பரப்பினாள். வானம் தெளியட்டும், நாளைக்குப் போடேன் என்று பக்கத்து வீட்டுக்காரி நான் சொன்னேன்.

"நாளைக்கும் வாரேன்னு ஒங்களுக்குக் கடுதாசி போட்டிருக்கானா ஆச்சி?"

காய்ந்த உளுந்தின் மேல் பஸ் ஏறினால் மணி உதிரும். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அடிப்போம். காயாமல் ஏறினால் கூழ். டவுன் பஸ் வந்ததும் செடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, ஓரமாக இறக்கி ஓட்டச் சொன்னாள்.

"இதென்ன ஒங்க களமா தாயி? மண்ணுல எறக்குனா வண்டி புதைஞ்சிரும்," என்றார் டிரைவர் சங்கரசுப்பு.

"புதையாது அண்ணாச்சி. அந்த ஓரத்துல சரள் கெட்டியா கெடக்கு, மிதிச்சுப் பாத்துட்டேன். புதைஞ்சா நான் தள்ளுதேன்."

"நீ ஒருத்தியா?"

"உள்ள இருக்கவுகளும் உளுந்து திங்கவுகதான?"

"ரோட்டையும் பட்டா போட்டுட்டா போலிருக்கு," என்றது ஜன்னலோரக் குரல் ஒன்று. பஸ் ஓரத்தில் இறங்கி, சாய்ந்து சாய்ந்து போனது.

உச்சிப்பொழுதில் மேகம் மூடியது. அள்ளிவிடச் சொல்லி நாலு பேர் கத்தினோம். அவள் அள்ளவில்லை. செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருந்தாள். "எம்புட்டு நேரம் ஒளிவான், பாத்துருவோம்." அரை மணியில் மேகம் விலகியது. அதன்பிறகு தார் சுட ஆரம்பித்தது.

நாலு மணிக்கு அதே பஸ் திரும்பி வந்தது. சங்கரசுப்பு தாமே நிறுத்தினார். "என்ன தாயி, ஏறவா, எறங்கவா?"

தங்கப்பழம் குனிந்தாள். அடியில் கிடந்த ஒரு காயை எடுத்து, காதோரம் வைத்து நெரித்தாள். டிக்கென்று வெடித்தது. ரோட்டைவிட்டு ஓரமாக இறங்கினாள். போலீஸ்காரர் மாதிரி ஒரு கையை நீட்டி, பஸ்ஸை உளுந்தின் மேல் வரச் சொன்னாள்.