மாமா சாப்பிட்ட நாடுகள்

அந்தப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் ஈரச் சுவரின் வாடைதான் வரும். நாங்கள் இருந்த வுப்பர்டால் நகரத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் அடியில் இருக்கிற "கெல்லர்" என்ற நிலவறைகளில் ஒன்றில் பல வருடம் கிடந்து, பிறகு பழஞ்சாமான் சந்தையில் அப்பாவின் கைக்கு வந்து சேர்ந்த ஜெர்மன் புத்தகம் அது. பக்கங்கள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், புரட்டப் புரட்ட மூக்கு அரிக்கும். தெற்கு ஆபிரிக்க நாடுகளுக்குச் சுற்றுலாப் போகிறவர்களுக்கான வழிகாட்டி. எங்கே தங்குவது, எந்த மாதத்தில் யானை பார்ப்பது, உணவுச்சாலையில் எப்படி நடந்துகொள்வது என்று எல்லாம் அதில் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் சுற்றுலாப் போகவில்லை. அங்கே போயிருந்தவர் அம்மாவின் தம்பி, எங்கள் குணம் மாமா. அவர் போனதும் சுற்றுலாவுக்கு அல்ல.

யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வரப் புறப்பட்ட மாமாவை, ஆள் அனுப்புகிற "ஏஜென்சிக்காரன்" ஜோகன்னஸ்பேர்க் வரை கொண்டுபோய், அங்கே ஒரு வீட்டில் இறக்கிவிட்டு, "இந்தா வாற கிழமை பாஸ்போர்ட் சரிவரும்" என்று சொன்னான். வாற கிழமை வந்துகொண்டே இருந்தது, பாஸ்போர்ட் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்த வீட்டுத் தொலைபேசியில் கதைக்க விடுவான். இங்கே இருக்கிற உறவுகள் பதறி ஊரைக் கூட்டாமல் இருப்பதற்காகத்தான் அந்தச் சலுகை என்று பிறகுதான் விளங்கியது. அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். வீட்டில் தட்டுத் தடங்கலில்லாமல் ஜெர்மன் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். காரியாலயத்திலிருந்து வருகிற கடிதம் முதல் மருந்துப் போத்தலின் சீட்டு வரை நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். ஆகவே அந்த வழிகாட்டியும் என் இலாகாவுக்குள் வந்தது.

எங்கள் ஆட்கள் தொலைபேசியில் "எப்படி இருக்கிறாய்" என்று தொடங்குவதில்லை. அது வெள்ளைக்காரர் கேட்கிற கேள்வி. எங்கள் முதல் கேள்வி "சாப்பிட்டியே?" இரண்டாவது கேள்வி "என்ன சாப்பிட்டனி?" அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிற பதிலை வைத்துத்தான் ஒருவன் நல்லாயிருக்கிறானா, வேலை இருக்கிறதா, கவனிக்க ஆள் இருக்கிறதா என்று அம்மா கணக்குப் போடுவார். தாய் தகப்பன் இல்லாமல் போன பிறகு மாமாவுக்குச் சோறு போட்டு வளர்த்தது அம்மாதான். அதனால் அவருக்கு அந்தக் கேள்வியில் மற்றவர்களைவிட உரிமை அதிகம்.

மாமாவும் குறை வைக்காமல் பதில் சொல்லுவார். "அக்கா, இண்டைக்கு ஒரு சாப்பாடு, கொத்தின இறைச்சி, மேல முட்டை ஊத்தி அவிச்சு மஞ்சளா இருக்கு, உள்ளுக்குள்ள முந்திரிகை வத்தலும் கிடக்கு." அம்மா தொலைபேசியைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்ப்பார். நான் உணவு அத்தியாயத்தைப் புரட்டி, படத்தைக் கண்டுபிடித்து, "போபோட்டி" என்று கத்துவேன். கேப் டவுன் பக்கத்துச் சமையல், மசாலா போடுவார்கள், கூடவே மஞ்சள் சோறு வரும் என்று நான் வாசிக்க வாசிக்க அம்மாவின் முகம் தெளியும். மஞ்சள் சோறும் மசாலாவும் இருக்கிற ஊரில் தம்பிக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று நினைத்திருப்பார். இன்னொரு ஞாயிறு, பேக்கரிப் பாணுக்குள் குழி தோண்டிக் கறி விட்டுத் தருகிறார்கள் என்றார் மாமா. அது டர்பனில் கரும்புத் தோட்டத்துக்குப் போன எங்கள் சனம் உண்டாக்கின சாப்பாடு என்று புத்தகம் சொன்னது. "எங்கட ஆக்கள் அங்கயும் இருக்கினமாம்" என்று அம்மா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்பா ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவி விறைத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டு, "உன்ர தம்பி எங்களைவிட நல்லாச் சாப்பிடுறான்" என்று பகிடி பண்ணினார்.

எனக்கும் உற்சாகம் தலைக்கு ஏறிவிட்டது. புத்தகத்தின் அறிவுரைகளை எல்லாம் தொலைபேசி வழியாக மாமாவுக்கு ஒப்புவிக்கத் தொடங்கினேன். குழாய்த் தண்ணீர் குடிக்கக்கூடாது, ஐஸ் கட்டி போடக்கூடாது, இரவுச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே மேசை பதிய வேண்டும், பரிமாறுபவருக்குச் சந்தோஷக் காசு கொடுக்க மறக்கக்கூடாது. மாமா மறுபக்கம் சிரிப்பார். "ஓம் பிள்ளை, மேசை எல்லாம் போட்டு வைச்சிருக்கினம்" என்பார். களவாக நாடு கடக்க ஒளித்திருக்கிற ஒருவனைச் சுற்றுலாக்காரரின் புத்தகத்தை வைத்துப் பராமரித்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அப்போது அது எங்களுக்கு வினோதமாகப் படவில்லை. அந்த நாட்டைப் பற்றி எங்களிடம் இருந்தது அந்தப் புத்தகம் மட்டும்தான்.

ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்துக் கழற்றுகிறபோது தொலைபேசி அடித்தது. அம்மா குளித்து, சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றி, மரக்கறிச் சமையல் முடித்திருந்தார். வெள்ளிக்கிழமை. மாமாவின் குரல் என்றதும் அம்மாவுக்கு ஆச்சரியம், சந்தோஷம். வழக்கம்போல "என்ன சாப்பிட்டனி" என்று கேட்டார். நானும் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"இண்டைக்கு இறைச்சி அக்கா. நெருப்பில வாட்டின மாட்டிறைச்சி, வட்டமாச் சுருட்டின சொசேஜ். நல்லாச் சாப்பிட்டன்."

அம்மா சுவாமிப் படத்து விளக்கைத் திரும்பிப் பார்த்தார். மாமா வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் வாயில் வைக்காதவர். நல்லூர் முருகனுக்கு நேர்ந்துகொண்ட நாளிலிருந்து, இடம்பெயர்ந்து பட்டினி கிடந்த காலத்தில்கூட அதை விட்டதில்லை. பசி வந்திடப் பத்தும் பறந்து போகும் என்பார்கள், மாமாவிடம் அந்தப் பத்தில் ஒன்று பறக்காமல் நின்றது.

"தம்பி, இண்டைக்கு என்ன கிழமை?" என்று அம்மா கேட்டார்.

"ஞாயிறு தானே அக்கா, அதாலதானே கதைக்க விட்டவை."

"இண்டைக்கு வெள்ளியடா."

பிறகு மாமாவின் குரல் தணிந்து வந்தது. "அக்கா, எங்களை வைச்சிருக்கிற அறைக்கு யன்னல் இல்லை. போன் அவையின்ர சாப்பாட்டு மேசையில இருக்கு. கதைக்கேக்க அவை சாப்பிட்டுக்கொண்டிருப்பினம். மேசையில இருக்கிறதைப் பாத்துத்தான் உங்களுக்குச் சொன்னனான். எங்களுக்கு ஒரு நேரம் சோளமாக் களி தருவினம், அவ்வளவுதான்." உடனே யாரோ கிட்ட வந்திருக்க வேண்டும். குரல் ஒரேயடியாக உயர்ந்தது. "ஓம் அக்கா, ஓம், நல்லாச் சாப்பிட்டன், வைக்கிறன்."

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றார். அப்பா வந்ததும், "அவனுக்கு நாள் தெரியேல்ல" என்று மட்டும் சொன்னார். சோளமாக் களியைப் புத்தகத்தில் நான் தேடவில்லை. அது ஏற்கெனவே எனக்குத் தெரியும். "பாப்" என்று பெயர், உணவு அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. பயணிகள் ஒரு முறையாவது ருசி பார்க்க வேண்டிய எளிய உணவு என்று எழுதியிருந்தது. நான் அதை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. அந்த வயதிலேயே எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் ஆத்திரம் வந்தது.

அதன் பிறகு இரண்டொரு ஞாயிறுகள் மாமா எடுத்தார். அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் எங்கள் ஆட்களுக்குக் கதைக்கத் தெரியாது என்று அப்போதுதான் கண்டேன். இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். கடைசியாக எடுத்தபோது, "நாளைக்கு லொறியில வேற நாட்டுக்கு வெளிக்கிடுறம் அக்கா, அங்கயிருந்து பிளேன் எண்டு சொல்லுறான்" என்றார். எந்த நாடு என்று அவருக்கும் தெரியவில்லை. பிறகு தொலைபேசி வரவில்லை. ஏஜென்சிக்காரனின் இலக்கம் வேலை செய்யவில்லை. அப்பா கொலோனில் இருக்கிற தமிழ்ச் சனத்தையெல்லாம் விசாரித்தார். காணாமல் போனவர்களைத் தேடித் தருகிறவர்களுக்கு "அன்ட்ராக்" என்ற விண்ணப்பங்களை நான் நிரப்ப அப்பா கையெழுத்து வைத்தார். ஒன்றுக்கும் பதில் என்று ஒன்று வரவில்லை.

இப்போது அந்தத் தொலைபேசி இல்லை, வெளிநாட்டுக்குக் கதைக்கிற அட்டைகள் விற்ற கடைகள் இல்லை, அப்பா இல்லை. அந்தப் புத்தகமும் வீடு மாறினபோது எங்கோ போய்விட்டது. நான் பான் நகரத்தில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் கேப் டவுனுக்கு விடுமுறை போய் வந்து கைத்தொலைபேசியில் சாப்பாட்டுத் தட்டுகளைக் காட்டுகிறார்கள். நான் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்கிறேன். போயிருக்கிறாயா என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறேன்.

ஊரில் திதி தெரியாமல் போனவர்களுக்கு அமாவாசையில் படைப்பது வழக்கம். கோயில் ஐயர் எத்தனையோ தரம் சொல்லியும் அம்மா கேட்கவில்லை. "உயிரோட இருக்கிறவனுக்கு இலை போடக்கூடாது" என்பார். இந்த வருடம் அவரே என்னைக் கூப்பிட்டார். "வாற அமாவாசைக்கு வா பிள்ளை. தம்பிக்குப் படைப்பம்." நான் ஏன் என்று கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது.

படையலுக்கு, போனவருக்கு விருப்பமான சாப்பாடு சமைக்க வேண்டும். அம்மா சமையலறையில் வாங்கி வைத்த மரக்கறிகளைப் பார்த்தபடி கனநேரம் நின்றார். "அவனுக்கு என்ன விருப்பம் எண்டு ஞாபகம் வரேல்ல பிள்ளை. யோசிச்சால், அவன் அங்க சாப்பிட்டனெண்டு பொய் சொன்ன சாமான்தான் நினைவில வருது" என்றார். அழவில்லை. அவர் அழுதிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். கடைசியில் வாங்கினது எல்லாவற்றையும் சமைத்தார்: கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, பயற்றங்காய்ப் பிரட்டல், பூசணி, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். இலை நிறைந்து சோறு வைக்க இடம் போதவில்லை. மாமாவின் படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் பரிமாறி, தண்ணீர் வைத்து, விளக்கேற்றினார். போனவர் வந்து சாப்பிடுகிறபோது பார்க்கக்கூடாது என்று வழக்கம். கதவைச் சாத்திவிட்டு நாங்கள் இருவரும் வெளியே மாடிப்படியில் வந்து நின்றோம்.

மேல்மாடியில் இருக்கிற ஜெர்மன் கிழவர் ஏறி வந்தார். எங்களைக் கண்டு, திறப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டீர்களா, உதவி வேண்டுமா என்று கேட்டார்.

"இல்லை" என்று அம்மா தன் உடைந்த ஜெர்மனில் சொன்னார். "என் தம்பி வந்திருக்கிறார். உள்ளே சாப்பிடுகிறார்."

கிழவர் தலையசைத்துவிட்டு ஏறிப் போனார். படியின் விளக்கு தானாக அணைந்தது. போதும் என்று நினைத்து நான் கதவுப் பிடியில் கை வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திறவாதை. ஆறுதலாச் சாப்பிடட்டும்."