மெமரி கார்டு மிச்சம் பிடித்த நேரம்

கம்பெனியில் அவளைப் பதினேழு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்பும் அறிக்கைகளை வீட்டிலிருந்தபடி டைப் செய்து கொடுப்பவர்கள் நாற்பது பேர். அவர்களில் அவள் பதினேழாவது. "பதினேழு, நேத்து ஃபைல் ஒண்ணு வரலையே" என்பாள் போனில் சூப்பர்வைசர். அதில் அவமதிப்பு ஒன்றும் இல்லை. நாற்பது பேரின் பெயரையும் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

வயது ஐம்பத்து மூன்று. மூன்றாம் மாடியில் ஓர் அறையும் ஒரு சமையலறையும். கல்யாணம் என்று ஒன்று நடந்து ஒன்பது மாதத்தில் முடிந்தும் போயிற்று. அதைப் பற்றித் துருவிக் கேட்டவர்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். வேறு ஊரில் இருக்கும் அக்கா ஞாயிறு காலையில் போன் செய்வாள். மற்ற ஆறு நாளும் அவள் காதில் விழுந்த மனிதக் குரல் பெரும்பாலும் ஒன்றுதான். அது ஸ்கேன் டாக்டரின் குரல்.

ஸ்கேன் படங்களைப் பார்த்து எங்கே என்ன இருக்கிறது என்று சொல்வது அவர் வேலை. பதினோரு வருடமாக அவர் சொல்லச் சொல்ல இவள் டைப் செய்தாள். முகம் பார்த்ததில்லை. ஆனால் அவருக்குச் சளி பிடித்தால் முதலில் தெரிவது இவளுக்குத்தான். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்தால், "இன்னைக்குச் சத்தமா இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று ஆரம்பிப்பார். நாளின் கடைசி ஃபைலில், "அவ்வளவுதான். டைப் பண்றவங்களுக்கு நன்றி" என்று முடிப்பார். வேறு எந்த டாக்டரும் அப்படிச் சொன்னதில்லை. அவள் ஹெட்போனைக் கழற்றாமலே "பரவாயில்லை சார்" என்பாள். சொல்லிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள்.

அவளுடைய லேப்டாப் கிழடு தட்டிப்போனது. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுப் பல் தேய்த்து, போர்வையை மடித்து, காபி போட்டு எடுத்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஒரு ஃபைலைத் திறக்கச் சொன்னால், யோசித்துச் சொல்கிறேன் என்பதுபோல நிற்கும். அந்த இடைவெளியில் அவள் வெங்காயம் உரிப்பாள், துணி காயப் போடுவாள், நகம் வெட்டுவாள். காலை எட்டுக்கு உட்கார்ந்தால் வேலை முடிய மாலை ஆறாகும். அதில் எவ்வளவு நேரம் வேலை, எவ்வளவு நேரம் காத்திருப்பு என்று அவள் பிரித்துப் பார்த்ததில்லை.

ஒருநாள் அவசர அறிக்கை ஒன்றின் பாதியில் அது அப்படியே உறைந்து நின்றுவிட்டது. இருபது நிமிடம். சூப்பர்வைசர் கண்டிப்பாகப் பேசிவிட்டாள். அன்றே லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தெருக்கோடியில் இருந்த ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரரைத் தெருவே திருகாணி என்றுதான் கூப்பிடும். எந்நேரமும் உதட்டில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டே பேசுகிற மனிதர்.

"ரேம் கம்மி. கூட்டவும் முடியாது, போர்டுலயே ஒட்ட வச்சிருக்காங்க" என்றார் பிரித்துப் பார்த்துவிட்டு. "டிஸ்க்கை மாத்தினா பறக்கும்."

"டிஸ்க்கை மாத்தக் கூடாதுங்க. கம்பெனி சாஃப்ட்வேரை இந்த டிஸ்க்கோட சேர்த்துப் பூட்டி வச்சிருக்காங்க. மறுபடி போட்டுத் தர ஆள் இல்லையாம்."

அவர் திருகாணியை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார். "அப்ப ஒண்ணு செய்யலாம். பக்கவாட்டுல கார்டு போடுற ஓட்டை சும்மாதானே கிடக்கு? மெமரி கார்டு இருக்கா?"

பழைய போனில் இருந்த கார்டை எடுத்துக் கொடுத்தாள். அதைச் செருகி ஏதோ அமுக்கினார். லேப்டாப் சற்று நேரம் சோதித்துப் பார்த்துவிட்டு, இது உதவாது என்றது.

"வேகம் பத்தலையாம். அதுவே சொல்லிடும், நாம ஏமாத்த முடியாது." மேஜை இழுப்பறையைக் குடைந்து, போட்டோ எடுப்பவர்கள் வாங்கும் ரகமான வேறொரு கார்டை எடுத்தார். அதை லேப்டாப் ஏற்றுக்கொண்டது. "டிஸ்க்கு ஒரு பெரிய கிடங்குன்னு வச்சுக்குங்க. எது கேட்டாலும் உள்ள போய்த் தேடி எடுத்துட்டு வரணும். இந்தக் கார்டு வாசல்ல போட்ட மேஜை. அடிக்கடி கேக்குற சின்னச் சின்னச் சாமானை இங்கேயே எடுத்து வச்சுக்கும்."

"கார்டு தெரியாம கழண்டுட்டா? வேலையெல்லாம் போயிடுமா?"

"ஒண்ணும் போகாது. மேஜையில இருக்கிற எல்லாத்துக்கும் உள்ள ஒரு நகல் இருக்கு. பழையபடி ஆமையா ஓடும், அவ்வளவுதான். இப்பவும் குதிரையாயிடும்னு நினைக்காதீங்க. நொண்டாம நடக்கும்."

சொன்னபடியே நொண்டாமல் நடந்தது. முதல் நாள் கொஞ்சம்தான் வித்தியாசம். இரண்டு மூன்று நாளில், அவள் அடிக்கடி எதைக் கேட்பாள் என்று அதற்குப் பிடிபட்டதோ என்னவோ, தட்டியதும் ஃபைல் திறந்தது. வெங்காயத்தைக் கையில் எடுப்பதற்குள் திரை தயாராக இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை கடைசி அறிக்கையை அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது மணி மூன்றரை.

வேலை சீக்கிரம் முடிந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவளும் சந்தோஷமாகத்தான் எழுந்தாள். அலமாரியை ஒழித்து அடுக்கினாள். மறுநாள் ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். அதற்கும் மறுநாள் துடைக்க எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து மணியைப் பார்த்தாள். மூன்றே முக்கால். கீழே யாரோ கதவைச் சாத்துவதும், யாரோ யாரையோ கூப்பிடுவதும் கேட்டன. அவளைக் கூப்பிட யாரும் இல்லை. இந்த வீடு எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறது. லேப்டாப்புக்காகக் காத்திருந்ததில் அது தெரியாமல் போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

டைப் செய்து முடித்த ஒலிப்பதிவுகளை ஒரு மாதத்தில் அழித்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. மற்ற டாக்டர்களுடையதை அவள் அழித்துவிடுவாள். ஸ்கேன் டாக்டருடையதை அழிக்கவில்லை. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள். பதினோரு வருடத்துக் குரலும் ஒரு ஃபோல்டருக்குள் கிடந்தது. முன்பெல்லாம் அதைத் தொட்டாலே லேப்டாப் உறைந்து நின்றுவிடும். இப்போது திறந்தது.

எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மழை நாளை எடுத்துக் கேட்டாள். நுரையீரல், விலா எலும்பு, இதயத்தின் அளவு என்று ஓடை போல ஓடியது அந்தக் குரல். யாருடைய நுரையீரல் என்பது அவளுக்கு முக்கியமில்லை. பக்கத்தில் ஒருவர் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார், அது போதும். தினமும் வேலை முடிந்ததும் ஒன்றிரண்டு கேட்பது வழக்கமாயிற்று.

மூன்றாவது வாரத்தில்தான் அது தட்டுப்பட்டது. பழைய பதிவைக் கேட்ட சூட்டோடு அன்று காலை வந்ததையும் திறந்து வைத்துக் கேட்டாள். இரண்டும் ஒரே மாதிரி வயிற்று ஸ்கேன். பழையது மூன்று நிமிடம், புதியது ஏழு. நடுநடுவே வெறும் மௌனம். கல்லீரல் என்று வர வேண்டிய இடத்தில், "அந்த… வலது பக்கம் பெரிசா இருக்குமே, அது" என்றார். காலையில் டைப் செய்தபோது இவள் யோசிக்காமல் கல்லீரல் என்று போட்டிருந்தாள். களைப்பாக இருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்ததோடு சரி.

பின்னோக்கிப் போனாள். போன வாரப் பதிவு ஒன்றின் ஆரம்பத்தில் வலது சிறுநீரகம் என்றவர் முடிவில் இடது என்றிருக்கிறார். இவள் வலது என்று திருத்தியிருக்கிறாள். அதற்கு முன்னால் ஓர் எலும்பின் பெயர். அதற்கும் முன்னால் ஒரு நோயாளியின் வயது. நான்கு மாதத்தில் முப்பத்தோரு இடங்களில் அவர் தடுமாறியிருந்தார். முப்பத்தொன்றையும் இவள் வெளியே தெரியாமல் சரிசெய்திருந்தாள். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவருக்கே வரவில்லை.

சூப்பர்வைசருக்குப் போன் செய்தாள்.

"நீங்க சரி பண்ணிட்டீங்க இல்ல? அப்புறம் என்ன?" என்றாள் சூப்பர்வைசர்.

"அவருக்கு உடம்புக்கு ஏதோ ஆகியிருக்கு மேடம்."

"பதினேழு, அவர் டாக்டர். நாம டைப் பண்றவங்க."

இரண்டு நாள் தயங்கினாள். மூன்றாம் நாள் முப்பத்தொன்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேன் பிரிவு வாசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் வந்தார்கள், போனார்கள். யார் என்று தெரியவில்லை. கடைசியில் குட்டையாக, தலை வழுக்கையாக ஒருவர் நர்ஸிடம், "அடுத்தவங்களை உள்ள அனுப்புங்க" என்றார். அவள் எழுந்து நின்றாள். இவ்வளவு கனமான குரல் இவ்வளவு சின்ன உருவத்திலிருந்து வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"சார், உங்க ரிப்போர்ட் டைப் பண்றவ நான்."

அவர் புன்னகைத்தார். தாளை நீட்டி, அதில் இருப்பது என்ன என்று சொன்னதும் புன்னகை போய்விட்டது.

"என் ரிப்போர்ட்ல தப்புன்னு யாரும் சொல்லலையே."

"நான் திருத்தித் திருத்தி அனுப்பிட்டேன் சார். அதுதான் தப்பாயிடுச்சு. முன்னாடி நீங்க இப்படிப் பேச மாட்டீங்க. பழைய பதிவையும் இதையும் சேர்த்து வச்சுக் கேட்டேன்."

அவர் தாளை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அவளை உட்காரச் சொல்லவில்லை, நன்றி சொல்லவில்லை. தாளை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஒரு நல்ல மனிதரின் வயிற்றில் அடித்துவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு பதிவும் வரவில்லை. பத்து நாள் கழித்து சூப்பர்வைசர்தான் பேசினாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"டாக்டர் நீண்ட லீவுல போயிட்டார். ஆஸ்பத்திரியில இருந்து எங்களுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. பழைய பதிவை எல்லாம் நீங்க வச்சிருக்கீங்களாமே? நோயாளிங்க விவரம் அதுல இருக்கு. இன்னைக்கே அழிங்க. இல்லைன்னா வேலையை விட்டு நிறுத்த வேண்டியதா இருக்கும்."

விதி விதிதான். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து அழிக்கச் சொன்னாள். நான்கு நிமிடம்தான் ஆயிற்று. இது மட்டும் பழையபடி மெதுவாக நடந்திருக்கலாம் என்று நினைத்தாள். அன்று முழுக்க ஹெட்போனை மாட்டவில்லை.

ஒரு மாதம் போனபின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. டாக்டரின் மனைவி. தாளின் அடியில் இவள் எழுதியிருந்த எண்ணை அவர் பத்திரமாக வைத்திருந்தாராம்.

"அன்னைக்கே அவரே போய் மெஷினுக்குள்ள படுத்து ஸ்கேன் எடுத்துக்கிட்டார். படத்தையும் அவரே பார்த்துச் சொன்னார். தலைக்குள்ள கட்டி. ஆபரேஷன் முடிஞ்சிடுச்சும்மா. இன்னும் ஆறு மாசம் போயிருந்தா கை வச்சிருக்கவே முடியாதுன்னு சொன்னாங்க. ஒரு தடவை வீட்டுக்கு வாங்க. அவர் பார்க்கணும்கிறார்."

புதன்கிழமை மூன்றரை மணிக்கு வேலையை முடித்துக்கொண்டு போனாள். தலையில் துணித் தொப்பியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு வார்த்தைகள் சட்டென்று வருவதில்லை; வேலைக்கு இனிப் போக முடியாது என்று மனைவி வாசலிலேயே சொல்லியிருந்தாள்.

"நீங்க… எனக்கு அந்த…" என்று தொடங்கி நின்றார். மனைவி, "உதவியா? தாளா?" என்று தவித்தாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"பட்டியல்" என்றாள் இவள் மெதுவாக.

"பட்டியல்" என்றார் அவர், நிம்மதியாக. "பட்டியல் குடுத்தப்ப நான்… சரியா…"

"நடந்துக்கலை."

"நடந்துக்கலை."

பதினோரு வருடமாக அவர் எந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தையை எடுப்பார் என்று பழகிய காது அது. அவர் தேடிய இடத்தில் எல்லாம் இவளுக்கு அது கையோடு கிடைத்தது. ஒரு மணி நேரம் பேசினார்கள். நடுவில் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "புதன்கிழமை புதன்கிழமை வர முடியுமா?" என்று கேட்டாள்.

ஐந்து புதன்கிழமை போனாள். ஆறாவது புதனுக்கு முன்னால் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கே பேச்சுப் பயிற்சிக்கு நல்ல இடம் இருக்கிறதாம். போகும்போது மனைவி இவள் கையைப் பிடித்துக்கொண்டு, அடிக்கடி போன் செய்வதாகச் சொன்னாள். முதல் மாதம் இரண்டு தடவை செய்தாள். அடுத்த மாதம் ஒரு தடவை. பேச்சு இப்போது எவ்வளவோ தேவலை, கூட ஆள் இல்லாமலே பேசிவிடுகிறார் என்றாள். கேட்க நன்றாக இருந்தது.

ஸ்கேன் பிரிவிலிருந்து இப்போது வேறொரு டாக்டரின் பதிவு வருகிறது. மூச்சு விடாமல் பேசுகிற பெண். நன்றாகவே சொல்கிறாள். முடிந்ததும் பட்டென்று நிறுத்திவிடுகிறாள்.

ஞாயிறு காலையில் அக்கா போன் செய்தபோது, "புதன்கிழமை எங்கேயோ போயிட்டு வரேன்னியே, இப்பவும் போறியா?" என்று கேட்டாள்.

"இல்லைக்கா. அவங்க வேற ஊருக்குப் போயிட்டாங்க."

"யாரு அவங்க?"

"கூட வேலை பார்த்தவர்" என்றாள்.

அக்கா மேற்கொண்டு கேட்கவில்லை. தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். இவள் போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்.