பேட்டரிக்குத் தண்ணி ஊத்துங்கன்னு நான் கத்துன கத்து

பேட்டரிக் கடையில சட்டையை ஓட்டையாக்கறது ஆசிட்டு, மண்டையை ஓட்டையாக்கறது கஸ்டமரு. எந்தக் கடையிலயாவது நின்னு பல்லைக் கடிச்சவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

பி.யூ.சி.ல பிசிக்ஸ் ஊத்திக்கிச்சு. செப்டம்பர்ல மறுபடி எழுதோணும். அதுவும் போச்சுன்னா அப்பா என்னைய பனியன் கம்பெனி கட்டிங் மேசையில நிறுத்திருவாரு. அதுவரைக்கும் திருப்பூர்ல மோட்டார் சைக்கிள் பேட்டரிக் கடையில வேலை. மொதலாளி சொன்னாரு: "யாருகூடயும் சண்டை போடாம இருந்தீன்னா, பரீச்சைக்கு நானே வண்டியில கோயமுத்தூர் கூட்டிட்டுப் போறேன்." சண்டை போடாம இருக்கறதா? நானா?

ஒரு சைஸ் பெருசு

வெள்ளகோவில் பனியன் ஏவாரி ஒருத்தர் வந்தாரு. வண்டி ஆறு வோல்ட். அவரு கை காட்டுனது லாரிக்கு வெச்சிருந்த பன்னெண்டு வோல்ட் பேட்டரி. "ஏனுங்க, இதை மாட்டுனா பல்பு பொசுங்கிருமுங்க. வெக்கறதுக்கு எடமும் பத்தாது"ன்னு ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை கத்திட்டேன். மொதலாளி இருமுனாரு.

அவரு அசையல. பனியனை இழுத்துப் பாக்கற மாதிரி பேட்டரியை ரெண்டு பக்கமும் புடிச்சுப் பாத்துட்டு சொன்னாரு: "இருவது வருச ஏவாரமுங்க தம்பி. எதையுமே ஒரு சைஸ் பெருசா எடுக்கோணும், தொவச்சா சுருங்கிரும்."

சாமி ரூம்ல நாலு மாசம்

தறிக்காரர் ஒருத்தர் புதுப் பேட்டரியைத் தூக்கிட்டு வந்தாரு. உயிரே இல்ல. வண்டியில மாட்டவே இல்லியாம். நல்ல நாள் பாத்து மாட்டலாம்னு நாலு மாசமா முருகன் படத்துக்கு முன்னால வெச்சிருந்தாராம். மூடியில இருக்கற காத்து ஓட்டை பூராம் திருநீறு. "சும்மா வெச்சாலும் சார்ஜ் எறங்குமுங்க, மாசம் ஒருக்கா ஏத்தோணுமுங்க"ன்னு தொண்டை கிழியச் சொன்னேன்.

அவரு பேட்டரியைப் பாவமாப் பாத்தாரு. "சாமி முன்னால சும்மா உக்காந்திருக்கறதுக்கு இதுக்கு என்னங்க களைப்பு?"

செவப்பு ஆசிட்டு

சாயப்பட்டறை பழனிச்சாமி அண்ணன் பேட்டரியில ஆசிட்டு அளக்கற கண்ணாடி மீட்டரை விட்டு உறிஞ்சுனா, கண்ணாடிக்குள்ள ரத்தச் செவப்பு! தண்ணி கொறஞ்சுதுன்னு பட்டறையில இருந்த ஆசிட்டை, சாயம் மொள்ற மக்குலயே மொண்டு ஊத்தியிருக்காரு.

"கொறையறது தண்ணிதானுங்கண்ணா! பேட்டரித் தண்ணி மட்டும் ஊத்தோணும், பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா தொறந்து பாக்கோணும், பிளேட் காஞ்சா செத்துரும்!" நான் போட்ட சத்தத்துல எதுத்த டீக்கடையே திரும்பிப் பாத்துச்சு. "இன்னொரு சத்தம் வந்துச்சு, நீ பஸ்லதான் போவே"ன்னாரு மொதலாளி. அண்ணன் புதுப் பேட்டரி வாங்கிட்டாரு. இனிமே பேட்டரித் தண்ணிதான்னு முருகன் மேல சத்தியமும் வாங்கிட்டேன்.

போகும்போது ஆறுதல் சொல்லிட்டுப் போனாரு: "கோவிச்சுக்காதீங்க தம்பி, அது கெட்டிச் சாயம், எத்தனை வருசமானாலும் வெளுக்காது."

பரீச்சையன்னைக்கு

காலையில எட்டு மணி. பத்து மணிக்குப் பரீச்சை. வண்டியை நம்பி பஸ்ஸை விட்டாச்சு. மொதலாளி ஒதைக்கறாரு, ஒதைக்கறாரு, வண்டி எந்திரிக்கவே இல்ல. பேட்டரி இல்லாம பொறி வராத வண்டி அது. மூடியைத் தொறந்தா மூணு குழியும் பாலைவனம். கடையில இருக்கற புதுசை மாட்டலாம்னா ஆசிட்டு ஊத்தி சார்ஜ் ஏத்தவே அரை நாளாகும். கடை வண்டிக்குத் தண்ணி பாக்கறது யாரு வேலை? என் வேலை. ஊருக்கெல்லாம் கத்துனேனே, அந்த மூடியை ஒருநாள் தொறக்கல. மொதலாளி ஒதைக்கறதை நிறுத்திட்டு என்னையே பாத்தாரு. எனக்குக் கட்டிங் மேசைதான் கண்ணுல தெரிஞ்சுது.

அந்நேரம் பேட்டரித் தண்ணி வாங்க பழனிச்சாமி அண்ணன் வந்தாரு. அணைக்காம விட்ட அவரு வண்டி பொடபொடன்னு நிக்குது. விசயத்தைக் கேட்டாரு, காஞ்ச பேட்டரியை எட்டிப் பாத்தாரு, பின் சீட்டைத் தட்டுனாரு. "ஏறுங்க தம்பி, பயப்படாதீங்க. பரீச்சையில எழுதத்தான சொல்லுவாங்க, ஊத்தச் சொல்லமாட்டாங்க."

பேட்டரியைப் பராமரிப்பது எப்படின்னே கேள்வி வந்துச்சு, ரெண்டு பக்கம் எழுதி பாஸும் ஆயிட்டேன், கடை வண்டிக்கு இன்னும் தண்ணி ஊத்தல.