நூற்றுப் பதினெட்டாம் மூங்கில்

கிண்ட்லர் மலையில் லவர்ன் ஓடெகார்டின் கத்தரிக்குத் தப்பியிருந்த லிஃப்ட் பாஸ் இரண்டுதான். ஒன்று பாதிரியாருடையது, அவருக்குப் பனிச்சறுக்கு தெரியாது. இன்னொன்று என்னுடையது. இருபத்திரண்டு வருடமாகக் கீழ் நிலையத்தில், கம்பிவடத்தில் நாற்காலிகள் தொங்கும் லிஃப்டை ஓட்டுகிறவன் என்று இரக்கப்பட்டு விட்டுவைத்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். அதுவரை நான் மாட்டவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. எனக்கு மட்டுமா? எங்கள் ஊரில் அவளைக் கரித்துக் கொட்டாத வாயே கிடையாது. ஐம்பத்தொன்பது வயது, கல்யாணம் இல்லை, நாய் இல்லை. சிவப்புச் சட்டை போட்டு, மலையில் விதி மீறுகிறவர்களின் பாஸை வெட்டுகிற ரோந்துக்காரி. முப்பத்தோரு குளிர்காலம் அந்தச் சட்டையைப் போட்டிருக்கிறாள். முகத்தில் எப்போதும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

பள்ளிக்கூடத்துப் பயிற்சியாளர் ஒருமுறை கயிற்றுக்கு அடியில் புகுந்து மூடிய சரிவில் இறங்கினார். அவருடைய பதினாறு மாணவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே லவர்ன் அவரை நிறுத்தினாள்.

"என்ன கோச்சு, அங்க கயிறு கட்டினது துணி காயப்போடவா?"

"லவர்ன், பசங்க முன்னாடி வேண்டாம்..."

"பசங்க முன்னாடிதானே பூந்த? பாஸை எடு."

கழுத்தில் தொங்கிய பாஸைப் பிடித்து இழுத்தாள். கறுக்கென்று ஒரு சத்தம். அந்த வருடம் முழுக்க அவர் கீழே நின்றபடியே பயிற்சி கொடுத்தார். என் மகளுக்குப் பதினாறு முடிந்த அன்றைக்கே அவள் பாஸும் போனது. வேகமாக வந்தாளாம். வீட்டில் கேக்கை யாரும் தொடவில்லை. அதிலிருந்து என் மனைவி கடையில் லவர்னைப் பார்த்தால் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள்.

கோடையில் அதே லிஃப்டில் சைக்கிள்காரர்கள் ஏறுவார்கள். அப்போதும் இவள் ஓயமாட்டாள். சைக்கிள் பாதையும் நடைபாதையும் சந்திக்கும் இடத்தில் கையை விரித்து நிற்பாள். "இறங்கித் தள்ளு! பிரேக்கு என்ன, அழகுக்கா மாட்டியிருக்கு?"

இனி மூங்கில் விஷயம். லிஃப்ட் திறப்பதற்கு முன் தினமும் காலையில் லவர்ன் தோளில் பன்னிரண்டு மூங்கில் கம்பு வைத்துக்கொண்டு சறுக்கி இறங்குவாள். பாறை தலைகாட்டும் இடம், மண் தெரியும் இடம், செயற்கைப் பனி அடிக்கும் குழாய் நிற்கும் இடம், எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு கம்பைக் குறுக்காக ஊன்றுவாள். ஏழடிக் கம்பு, முனையில் ஆரஞ்சு வண்ணம். குறுக்குக் கம்பைப் பார்த்தால் விலகிப் போ என்று அர்த்தம். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். கம்பு காணாமல் போகிறது என்று ஒவ்வொரு கம்பின் அடியிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எண் சுட்டு வைத்திருந்தாள். எது எங்கே நின்றது என்று தினமும் எழுதியும் வைப்பாள்.

காணாமல் போவது எங்கே போகிறது என்பது ஊரறிந்த ரகசியம். தக்காளிக்கு, பட்டாணிக்கு, பீன்ஸுக்கு அதைவிட நல்ல கம்பு கிடையாது. கடைசிச் சறுக்கலில் ஆளுக்கொன்று பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. ஆற்றங்கரையில் உருண்டைக்கல் பொறுக்குவதுபோல அது ஒரு பழக்கம்.

கீழ் நிலையத்தில் ஒரு பெரிய பலகை உண்டு. மாநிலச் சட்டப்படி மலையை நடத்துகிறவர்களின் கடமைகள் இடது பக்கம், சறுக்குகிறவர்களின் கடமைகள் வலது பக்கம். கோடையில் வலது பக்கத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிள்காரர்களின் கடமைகளை மாட்டுவோம். வலது பக்கம் ஏழாவது வரி, அடையாளக் குறிகளை அகற்றக்கூடாது என்பது. தினமும் காலையில் அந்தப் பலகையில் பனியைத் துடைப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடம் துடைத்திருக்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. ராத்திரி ஓரடிப் பனி விழுந்திருந்தது. மேல் நிலையத்தைப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்கு நான் சறுக்கி இறங்கினேன். நடுச்சரிவின் வளைவில் பனிக்குழாய்க்கு முன்னால் இரண்டு கம்பு நின்றது. எனக்கு இரண்டு தேவைப்பட்டது, போன கோடைக் காற்றில் என் பீன்ஸ் பந்தல் முறிந்திருந்தது. குழாய் இடுப்பு உயரம், சுற்றி மஞ்சள் மெத்தை கட்டியிருந்தது. குருடனுக்கும் தெரியும் என்று நினைத்தேன். ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, கீழே கொண்டுவந்து என் வண்டியில் போட்டேன். வழியில் பார்த்தவர்கள்கூட, மலை ஆள்தானே, ரோந்துக்காகக் கொண்டுபோகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பதினொன்றுக்கு மேகம் இறங்கியது. மஞ்சள் மெத்தையில் பனி அப்பி வெள்ளையாகிவிட்டது. பதினொன்று இருபதுக்குச் சைக்கிள் கடை வைத்திருக்கும் டெஸ் மாடிகன் அந்த வளைவில் திரும்பினாள். குழாயில் மோதி இடுப்பெலும்பு இரண்டாகப் போனது. முதலில் ஓடிப்போய் அவளைப் பலகையில் கட்டி இறக்கியவள் லவர்ன். ஹெலிகாப்டர் வந்தது.

மலை மேலாளர் பிரெண்ட் ஹாலரன் அன்று மத்தியானமே எங்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"எட்டு இருபதுக்கு ஊனினேன். நூத்திப் பதினெட்டு, நூத்திப் பத்தொம்பது. எழுதியிருக்கேன், பாரு," என்றாள் லவர்ன்.

"எழுதறது சுலபம். கம்பு எங்கங்க?" அவளிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசி அன்றுதான் கேட்டேன். என் பக்கம் திரும்பினார். "டெல்மர், நீ பத்து மணிக்கு அந்தப் பக்கமாத்தானே வந்த? கம்பு இருந்துச்சா?"

"கவனிக்கல," என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான் நான் சொன்னது. லவர்னின் சிவப்புச் சட்டையை அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் விசாரணையில் முடிவாகும்வரை அவள் மலையில் கால் வைக்கக்கூடாது.

ஊர் கொண்டாடியது. "ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவளுக்கு ரெண்டு குச்சி ஊனத் தெரியல பாத்தியா!" என்று மளிகைக் கடையில் சிரித்தார்கள். அதைவிட மோசமான ஒன்றையும் சொன்னார்கள். லவர்னின் அம்மா அறுபது வயதில் எல்லாம் மறந்து, கடைசியில் பெற்ற மகளையே யாரென்று கேட்டுச் செத்துப்போனவள். "அம்மா வழிதான். ஊனின மாதிரி நெனைப்பு, ஊனியிருக்க மாட்டா," என்றார்கள். அவள் காதுபடவே சொன்னார்கள். நானும் அங்கே நின்றிருந்தேன். வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல நின்றிருந்தேன்.

மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமைதோறும் டெஸ் வீட்டுக்கு ஒரு பாத்திரம் சூப்பு கொண்டுபோனேன். "உனக்குத்தான் எவ்ளோ நல்ல மனசு, டெல்மர்," என்பாள் அவள். வீடு திரும்பும் வழி முழுக்க என்னை நானே திட்டிக்கொள்வேன். அடுத்த ஞாயிறு மறுபடி சூப்பு.

ஜூன் மாதம் செடிகள் எழுந்ததும் லவர்ன் தெருவில் இறங்கினாள். நூற்றுப் பதினெட்டையும் நூற்றுப் பத்தொன்பதையும் தேடி வீடு வீடாகப் போனாள். அனுமதி கேட்கவில்லை. வேலியைத் திறந்து தோட்டத்துக்குள் நடந்து, கம்பைப் பிடுங்கி, அடியில் மண்ணைத் துடைத்து எண்ணைப் பார்த்து, மறுபடி ஊன்றிவிட்டுப் போனாள். நாயை அவிழ்த்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாயைத் திருப்பி அடித்தார்கள். பயிற்சியாளர் போலீஸுக்குப் போன் செய்தார். போலீஸ்காரர் வந்து பார்த்தார்; பயிற்சியாளர் தோட்டத்தில் மட்டும் பதினான்கு கம்பு இருந்தது. போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

டெஸ் வீட்டிலும் ஒன்பது கம்பு. ஊன்றுகோலோடு வாசலில் நின்று அவள் கத்தினாளாம்: "என் இடுப்பை ஒடச்சுட்டு என் தக்காளியையும் பிடுங்க வந்தியா?"

"ஒம்பதும் என் கம்புடி. எந்தெந்தப் பாறை முன்னாடியிருந்து எடுத்ததுன்னு சொல்லட்டுமா?" என்று இவள் எழுதி வைத்ததைப் படித்திருக்கிறாள். டெஸ் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆற்றுத் தெரு முடிந்தது. தேவாலயத் தெரு முடிந்தது. ஜூலை கடைசியில் எங்கள் தெருவின் அந்த முனைக்கு வந்துவிட்டாள் என்று மனைவி சொன்னாள். நான் பின்பக்கம் போனேன். பீன்ஸ் கொடி அந்த இரண்டு கம்பிலும் தலைக்கு மேல் ஏறிச் சிவப்பாகப் பூத்திருந்தது. கொடியோடு சேர்த்து உருவி, எண் இருந்த அடிப்பகுதியை அறுத்து, அடுப்பில் போட்டு எரித்தேன். கம்பை மறுபடி ஊன்றினேன். என்னைப்போல ஒரு கோழையை இந்த மாவட்டத்தில் பார்க்க முடியாது என்று எனக்கே தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் வந்தாள். இளைத்திருந்தாள். நேராகப் போய்க் கம்பைப் பிடுங்கினாள். கொடி சரிந்தது. அடியைப் பார்த்தாள். வெள்ளையாகப் புது வெட்டு. பக்கத்தில் நிறுத்தி, கையை உயர்த்தி அளந்தாள்.

"ஒரு சாண் குறையுது."

"அழுகிப்போச்சு. வெட்டினேன்."

"மூங்கிலு. அஞ்சே மாசத்துல அழுகிப்போச்சு." இன்னொன்றையும் உருவி அளந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் குரல் இறங்கிவிட்டது.

"டெல்மர் ப்ரூவிட், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாத. ரெண்டும் அங்க நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"குறுக்காவா?"

"குறுக்காதான்."

"ஆழமா?"

"ஆட்டி ஆட்டித்தான் பிடுங்கினேன்."

கவிழ்த்து வைத்திருந்த வாளியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அப்ப நான் ஊனியிருக்கேன்," என்றாள். "அஞ்சு மாசமா தினம் காலையில எழுந்ததும் அடுப்பை அணைச்சேனா, கதவைப் பூட்டினேனான்னு நாலு தடவை போய்ப் பார்க்கறேன். எழுதி வெச்சதை நானே நம்பல. அம்மா மாதிரி ஆயிட்டேன்னு நெனச்சுட்டேன்டா பாவி."

எழுந்தாள். கம்பை எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அதே குழியில் ஊன்றி, சரிந்த கொடியை அதில் சுற்றிவிட்டாள். வேலிக் கதவைத் தாண்டியதும் திரும்பி, "நாய்ப்பய," என்று சொல்லிவிட்டுப் போனாள். விசாரணைக்கு வா என்று சொல்லவில்லை. மிரட்டவும் இல்லை. மிரட்டியிருந்தால் ஒருவேளை நான் போயிருக்கமாட்டேன்.

விசாரணை கீழ் நிலையச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள்கள் லிஃப்டில் தொங்கிக்கொண்டு மேலே போயின. நான் இரண்டு கம்பையும் மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

பிரெண்ட் சிரித்தார். "நம்பரே இல்லையே டெல்மர். இந்தம்மா சொல்லிக் குடுத்துச்சா?"

"எனக்கும் அவளுக்கும் ஆகாதுன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அவளைக் காப்பாத்த நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

எங்கள் பகைக்கு ஊரே சாட்சி.

டெஸ் எழுந்தாள். ஊன்றுகோல் தரையில் தட்டத் தட்ட என் முன்னால் வந்து நின்றாள். "அந்தச் சூப்பெல்லாம் இதுக்குத்தானா?" என்றாள். நான் தலையைக் குனிந்தேன். "சூடு பண்ணிச் சூடு பண்ணிக் குடிச்சேனேடா," என்றாள். அடித்திருந்தால் தேவலை.

லவர்னுக்குச் சட்டை திரும்பக் கிடைத்தது. யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஊரில் ஒருவரும் ஒரு கம்பைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. பதினான்கு கம்பு வைத்திருந்த பயிற்சியாளர் என்னைப் பார்த்தால் இப்போது எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். பழைய லிஃப்டின் நுணுக்கம் வேறு யாருக்கும் தெரியாததால் பிரெண்ட் என்னை வேலையில் வைத்திருக்கிறார்.

டிசம்பரில் மலை திறந்தது. முதல் நாள் காலை, முதல் ஆளாக லவர்ன் வந்தாள். தோளில் பன்னிரண்டு புதுக் கம்பு. அடியில் மட்டுமல்ல, இந்த வருடம் நடுவிலும் எண் சுட்டிருந்தாள். பின்னால் நீண்ட வரிசை. என் முன்னால் நின்று கையை நீட்டினாள்.

"பாஸ்."

"நான் மேல் நிலையத்துக்குப் போக வேண்டாமா, லவர்ன்?"

"கால் இருக்குல்ல? நட." பலகையைக் காட்டினாள். "தொடச்சாச்சா? ஏழாவது வரியைப் படி."

வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி படித்தேன். கழுத்திலிருந்து பாஸைக் கழற்றிக் கொடுத்தேன். கறுக்கென்று சத்தம் கேட்டது. பாதியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு லிஃப்ட் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கம்புகளை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். நான் லிஃப்டை ஓட்டினேன்.