வாய் கோணிய நீதிபதி

அப்பாவின் வாய் கோணிப்போனது, கொழும்பிலிருந்து திரும்பி வந்த மறுநாள் காலையில். அப்பா தண்டல், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரத் தோணி ஒன்றுக்கு அவர்தான் தலைவர். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவர், எழுந்து வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து சட்டையை நனைத்தது. இடது கண் மூடவில்லை. உதடு வலது பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. டாக்டர் இது நரம்புக் கோளாறு, சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று இரண்டையும் சொல்லி அனுப்பிவிட்டார். தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடற்காற்று என்றார்கள், கண்ணேறு என்றார்கள், மாதாவுக்கு நேர்ந்துகொண்டதைக் கொடுக்காமல் விட்டிருப்பார் என்றும் சொன்னார்கள்.

அப்பா உள்ளறைக்குள் போய் உட்கார்ந்தவர்தான். துண்டால் வாயை மூடிக்கொண்டுதான் என்னிடம்கூடப் பேசுவார். கடலில் பத்து ஆள் கேட்கும்படி சத்தம் போட்ட மனிதருக்கு இப்போது ‘பாய்’ என்ற சொல்லே சரியாக வரவில்லை. தோணி வேறு தண்டலோடு புறப்பட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட அவர் வரவில்லை. எங்கள் தெருவில் பூசைக்குப் போகாதவரைப் பற்றிப் பேச மற்றவர்களுக்கு ஒரு வாரம் போதாது.

இந்த நேரம் பார்த்து அத்தையின் கல்யாணம் வந்து நின்றது. அப்பாவுக்கு ஒரே தங்கை. தாத்தா எப்போதோ போய்விட்டதால் அவளை வளர்த்ததெல்லாம் அப்பாதான். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுக் கப்பலில் வேலை. லீவு முடிந்து கப்பல் ஏறினால் திரும்பி வர வருஷக்கணக்காகும். கோயிலில் ஓலை வாசிக்கவும் ஏற்பாடாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் அறிவிப்பதைத்தான் ஓலை என்போம். தடை வெளியிலிருந்து வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. பெண்ணின் கையைப் பிடித்துப் பீடம்வரை கூட்டிப் போக வேண்டிய அப்பா, தனக்குப் பதில் மாமாவைக் கூட்டிப் போகச் சொன்னார். அத்தை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

“எங்க அண்ணன் கையப் பிடிச்சுத்தான் நான் கோயிலுக்குள்ள போவேன். இல்லன்னா இந்தக் கலியாணமே வேண்டாம்.”

சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று அழுதாள்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். எந்த வீட்டில் எந்தப் பிரச்சினை என்றாலும் அதில் தலையைக் கொடுக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. முதல் ஓலை வாசிக்கிற ஞாயிறன்று காலையில் வந்து, அப்பாவை இங்கிலீஷ் படத்துக்குக் கூப்பிட்டார். ஞாயிறு காலைகளில் டவுன் தியேட்டரில் பழைய இங்கிலீஷ் படம் போடுவார்கள். கப்பல்காரர்களும் காலேஜ் பையன்களும்தான் கூட்டம். எங்கள் தெரு ஆட்கள் எல்லாம் அந்நேரம் பூசையில் இருப்பார்கள். பூசைக்கு வராத மனுஷனைப் படத்துக்கா கூட்டிப் போகிறாய் என்று அம்மா பாய்ந்தாள்.

“அங்க இருட்டா இருக்கும்க்கா,” என்றார் மாமா. “கோயில்ல எல்லா சன்னலையும்லா தொறந்து போட்டிருக்காவ.”

சின்னப் பிள்ளைக்காகப் போகிறார்கள் என்று பார்க்கிறவர்கள் நினைக்கட்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. பூசையும் போய்ப் படமும் கிடைத்ததில் நான் அடைந்த சந்தோஷத்தை அந்த வாரம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

படம் ஒன்றும் புரியவில்லை. தொப்பி போட்டவர்கள் நிறையப் பேர் சிகரெட் பிடித்துக்கொண்டு வேகமாகப் பேசினார்கள். கதாநாயகன் ஒரு ஓட்டலுக்குள் நுழைந்தான். மேசைக்குப் பின்னால் சாவிகளைக் காவல் காக்கிற நரைத்த தலைக்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு கண் பாதி மூடியபடி நிற்க, வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. அந்தக் கோணல் வாயின் ஓரத்திலிருந்து அவர் ஏதோ ஒரே ஒரு வரி சொன்னார். அவ்வளவு நேரம் துள்ளிக்கொண்டிருந்த கதாநாயகன் கப்சிப் ஆகிவிட்டான்.

“எப்பா, ஒங்கள மாதிரியே,” என்று நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா எழுந்து வெளியே நடந்தார். மாமாவும் நானும் பின்னால் ஓடினோம். தன்னைக் கேலி செய்யத்தான் கூட்டிவந்தாயா என்று அப்பா மாமாவிடம் கேட்டது தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டில். வீட்டுக்கு வந்தபோது முதல் ஓலை வாசித்தாயிற்று என்று அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டு சொன்னாள். அந்த வாரம் முழுக்க மாமா எங்கள் வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, துண்டுக்குள்ளிருந்து கேட்டார்.

“ஏளா, நாளைக்கி அந்த ஆளு வருவானான்னு ஒங்க மாமாட்ட கேட்டுட்டு வா.”

நான் ஓடிய ஓட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது. வருவார் என்று மாமா அடித்துச் சொன்னார். சொன்னபடியே வந்தார். ஆனால் போன வாரம் நரைத்திருந்த தலை இந்த வாரம் கருகருவென்று இருந்தது. குதிரைமேல் வந்து, பாதிப் படத்தில் சுடப்பட்டுச் செத்துப்போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவோ கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, அந்த ஆள் செத்தபிறகு படத்தில் சாரம் இல்லை என்றார். அவர் ஒரு படத்தைப் பற்றிக் கருத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது ஞாயிறு, கடைசி ஓலை. இடைவேளை வந்தது, ஆளைக் காணோம். அப்பா நெளிந்துகொண்டே இருந்தார். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் திரையில் ஒரு கோர்ட் வந்தது. கதவைத் திறந்துகொண்டு, கறுப்பு அங்கியோடு, அதே கோணல் வாயோடு அவர் நுழைந்தார். அவ்வளவுதான், அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். வக்கீல்கள், போலீஸ்காரர்கள், கதாநாயகன், கல் பதித்த நெக்லஸ் போட்ட சீமாட்டி, எல்லோரும். அவர் யாரையும் பார்க்காமல் நடந்துபோய் உட்கார்ந்து, கோணலாகவே தீர்ப்புச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா துண்டை மடியில் போட்டுவிட்டு முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் விட்டு வெளியே வந்தபோது உச்சி வெயில். துண்டு அப்பாவின் தோளில் கிடந்தது. ஏரலிலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர் அவரை அடையாளம் கண்டு, என்ன அண்ணாச்சி இப்படி ஆகிவிட்டது என்று கேட்டார். அப்பா நின்று, வெயிலில், முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார். மாமா என் தலையில் சும்மாவே ஒரு குட்டு வைத்தார்.

கல்யாணத்தன்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா கோயில் வாசலில் நின்றார். அப்பாவின் கண் மூடாமல் நீர் வடிந்தது, அழுகையும் அதில் கலந்திருக்கும். பாட்டு தொடங்கியதும் கோயிலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். பெண் வரும்போது எழுந்து நிற்பது வழக்கம் என்பது எனக்குத் தெரியாது. நீதிபதிக்கு நின்ற மாதிரி அப்பாவுக்குத்தான் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பெருமையோடு பார்த்தேன். அப்பா நடந்த நடையைப் பார்த்தால் அவரும் அப்படித்தான் எண்ணினாரோ என்னவோ.

அன்றைய விருந்தில்தான் மாமா உண்மையைப் போட்டு உடைத்தார். முதல் வாரம் வந்த படம் தற்செயல். அதற்கு முந்தின நாள் தியேட்டர் ஆபரேட்டர் படப்பெட்டியை ஓட்டிப் பார்க்கும்போது மாமா கூட இருந்து அந்த முகத்தைப் பார்த்திருக்கிறார். மற்ற இரண்டுக்கும் தியேட்டர்காரரிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறி மதுரைக்கே போய்ப் படக் கம்பெனி ஆபீசில் நின்றிருக்கிறார். நடிகரின் பெயர் தெரியாதே, அதனால் தன் வாயைக் கோணி, ஒரு கண்ணைப் பாதி மூடி, இந்த ஆள் வருகிற படம் வேண்டும் என்று கேட்டாராம். அங்கிருந்த குமாஸ்தா சிரித்துவிட்டு, இந்த ஆள் இல்லாத படம்தான் குறைவு என்று பெட்டிகளை எடுத்துப்போட்டாராம். மாமா அதே முகத்தைப் பந்தியில் செய்துகாட்ட, அப்பாவும் சிரித்தார். பாதி வாயால்தான், ஆனால் சத்தமாக.

பிறகும் ஞாயிறுதோறும் போனோம். அப்பா விடிகாலைப் பூசையை முடித்துவிட்டே வருவார். அந்த மனிதர் சமையல்காரராக வந்தார், டாக்டராக, திருடனாக, சவப்பெட்டி செய்யப் பிணத்தை அளக்கிற தச்சராக வந்தார். ஒரு வாரம் கிழவர், மறுவாரம் இளைஞர். போஸ்டரில் அவர் முகம் ஒருநாளும் இருந்ததில்லை. படத்தின் தொடக்கத்தில் சரசரவென்று ஓடும் பெயர்களில் எது அவருடையது என்று ஆபரேட்டருக்கும் தெரியவில்லை. ஒரு வருஷத்தில் அப்பாவின் வாய் அநேகமாக நேராகிவிட்டது. மறுபடியும் தோணி ஏறினார். சிரிக்கும்போது மட்டும் கொஞ்சம் இழுக்கும்.

எங்கள் வீட்டில் சாயங்காலச் செபமாலை முடிந்ததும் கடலில் போகிறவர்களுக்கு ஒரு பரலோக மந்திரம், செத்துப்போனவர்களுக்கு ஒன்று என்று சொல்வோம். அத்தையின் கல்யாணத்தன்று அப்பா அதோடு இன்னொன்றைச் சேர்த்தார். “பேர் தெரியாத ஒருத்தருக்காவ,” என்று தொடங்குவார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கடலோரத்தில் அதைக் கேட்க வேண்டியதில்லை. எங்கேயோ கரை ஒதுங்கிய யாரோ ஒருவர் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

டி.வி. வந்த பிறகு, நான் பிள்ளை பெற்று அம்மா வீட்டில் இருந்தபோது, ஒரு பழைய படத்தில் அந்த முகம் சட்டென்று வந்தது. அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார்.

“ஏளா, பாத்துக்கோ. தெனமும் செபத்துல சொல்லுதோம்லா, இவருதாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் நம் வேதக்காரரா, உயிரோடு இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாதே அப்பா என்றேன்.

“தெரியாதுதாம். கடுதாசி போட வெலாசமும் கெடையாது. நன்றி சொல்ல எனக்கு வேற வழி தெரியலளா.”

அன்று சாயங்காலம் அந்த மந்திரத்தை நான் மெதுவாகச் சொன்னேன். பத்து வயதில், சோறு ஆறிப்போகிறதே என்ற அவசரத்தில், மூன்று மந்திரங்களில் அதைத்தான் நான் விழுங்கி விழுங்கிச் சொல்வேன். யாரோ எவரோ, நமக்கு என்ன ஆக வேண்டும் என்று நினைத்திருந்தேன்.