திறவுகோலின் ஏழாம் படி

நான் இதுவரை எழுதியவற்றில் மற்றவர்களுக்கு மிக அதிகமாகப் பயன்பட்ட வாக்கியம் இதுதான்: 'ஓட்டின் முதுகு வழவழப்பாக இருந்தால், வயல் நண்டு.' அது தப்பான வாக்கியம். எழுதியபோது எனக்கு இருபத்தெட்டு வயது. அந்த வயதில் எனக்குத் தெரியாதது என்று எதுவும் இருக்கவில்லை.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். ஆய்வு நன்னீர் நண்டுகளில். கடலை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு வயலிலும் ஓடையிலும் நண்டு பொறுக்கித் திரிகிறாளே என்று என் மாமியாருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "கடல் நண்டுண்ணா கறிக்காவது ஆவும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எனக்குக் கோபம் வரும். இப்போது யோசித்தால், என் வேலையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் தொழிலில் ஒரு புதிய உயிரினத்துக்குப் பெயர் வைத்தால் மட்டும் போதாது. மற்றவற்றிலிருந்து அதை எப்படிப் பிரித்தறிவது என்று ஒரு வழியும் எழுதித் தரவேண்டும். அதைத் திறவுகோல் என்போம். படிப்படியாகப் போகும். ஒவ்வொரு படியிலும் இரண்டு வாக்கியங்கள் இருக்கும். கையில் உள்ள நண்டுக்கு எது பொருந்துகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகவேண்டும். கடைசியில் ஒரு பெயரில் போய் நிற்கும். இதில் உள்ள ஆபத்தை யாரும் மாணவர்களுக்குச் சொல்வதில்லை, நானும் சொன்னதில்லை. உலகத்தில் எவருமே பார்த்திராத நண்டைக் கொண்டுவந்து வைத்தாலும், திறவுகோல் ஏதாவது ஒரு பழைய பெயரைச் சொல்லி அனுப்பிவிடும். 'தெரியவில்லை' என்று அதில் ஒரு படி கிடையாது.

சிதறாலுக்கு வடக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில், ஒரு பாறைக்குன்று இருந்தது. பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் போய்ப் பார்க்க ஒன்றுமில்லை. முனைவர் பட்டத்துக்காக மாவட்டம் முழுக்க அலைந்த காலத்தில் அங்கே ஒரே ஒரு நாள் போனேன். பாறை இடுக்கில் கசிந்துகொண்டிருந்த ஊற்றில் இரண்டு நண்டுகள் கிடைத்தன. இரண்டும் பெண். இனம் பிரிக்க எங்களுக்கு ஆண் நண்டு வேண்டும். அதன் வயிற்று மடிப்புக்குள் ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதன் நுனியைப் பார்த்துத்தான் எது எந்த இனம் என்று சொல்லமுடியும். நான் இன்னொரு நாள் வந்திருக்கவேண்டும். அடுத்த வாரம் மழை, அதற்கடுத்த வாரம் என் கல்யாணம். முதுகைத் தடவிப் பார்த்தேன், வழவழப்பாக இருந்தது. வயல் நண்டு என்று சீட்டு எழுதி, ஆல்கஹால் குப்பியில் போட்டு மூடினேன்.

ஆல்கஹாலில் கிடக்கும் நண்டு கொஞ்ச நாளில் வெளுத்துவிடும். ஆற்று நண்டும் வயல் நண்டும் மலை நண்டும் ஒரே வெள்ளையாகிவிடும். அதனால் எங்கள் திறவுகோல்களில் நிறத்துக்கு இடமில்லை. என் திறவுகோலின் ஏழாம் படியை, முதலில் சொன்ன அந்த வழவழப்பு வாக்கியத்தை, அந்த வெளுத்த உடல்களைப் பார்த்துத்தான் எழுதினேன்.

பல வருடம் கழித்து, ஒரு விடுமுறையில் வடசேரியில் பஸ் ஏறி மறுபடியும் அங்கே போனேன். குன்றின் அடியில் ஒரே ஒரு வீடு. அதில் இருந்தவர் ரப்பர் மரங்களில் பால் வெட்டும் வேலை செய்த பெண், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், கணவர் இல்லை. பாறை ஊற்றிலிருந்து ஒரு குழாய் இறக்கி வீட்டுக்குத் தண்ணீர் எடுத்திருந்தார். அந்த வீட்டுக்கு வேறு தண்ணீர் கிடையாது. நான் பாறை இடுக்கில் கைவிட்டுத் துழாவுவதைக் கண்டு மேலே ஏறிவந்தார். கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், வயல் நண்டு தேடுகிறேன் என்றேன்.

"வயல் ஞண்டு தேடுதியளா டீச்சரே? அது கீழ வயலில கெடக்கும். இது வேறயாக்கும்."

"ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. கெடக்க எடத்துக்கு ஏத்தமாதிரி நெறம் மாறும்."

"அப்பிடியா? வயலில உள்ளது மண்ணத் தோண்டும். இது பாறையில நடக்கும். இதுக்க காலப் பாத்தியளா, நல்ல செவப்பு. ஒரு நா ரசம் வச்சு நோக்கினேன், கைச்சுப் போச்சு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரி, நீங்க படிச்சவிய" என்றார்.

அவருடைய திறவுகோலுக்கு இரண்டே படிகள். எங்கே நடக்கிறது, கால் என்ன நிறம். சந்தேகம் இருந்தால் ரசம், கசக்கிறதா என்று பார்க்க. நான் சிரித்துக்கொண்டே என் போன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

இரண்டு வருடம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. "பாறைய ஒடைக்கப் போறாவளாம் டீச்சரே. கருத்துச் சொல்லக் கூட்டம் வச்சிருக்காவ. பாறை போனா எனக்க குடிக்கிற வெள்ளம் போயிரும். உங்களுக்க ஞண்டும் போயிரும். வந்து ஏதாவது சொல்லுங்க."

போனேன். இரண்டு நாள் தேடி ஒரு ஆண் நண்டைப் பிடித்தோம், பிடித்தது அவர்தான். கல்லூரிக்குக் கொண்டுவந்து, மத்தியான இடைவேளையில், நுண்ணோக்கியில் வைத்தேன். வயல் நண்டுக்கு நேராக நீண்டிருக்கும் அந்த உறுப்பின் நுனி, இதற்குக் கொக்கிபோல் பின்னால் வளைந்திருந்தது. கண்ணை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தேன். வளைந்துதான் இருந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். என் ஏழாம் படி தப்பு என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. குவாரிக்காகச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்தவர்களில் ஒருவர் எழுந்து வாசித்தார். ஊற்றில் காணப்படுவது பரவலான வயல் நண்டு. அரிய உயிரினம் எதுவும் அங்கே இல்லை. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "இந்த மாவட்டத்து நண்டுகளுக்கு இருக்கிற ஒரே திறவுகோல் மேடம் எழுதினது. ஒரு படி விடாம அத வச்சேதான் பாத்தோம்" என்று கும்பிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. என்னை நம்பியிருந்தார். அத்தனை பேர் முன்னால் அதைக் கேட்டபோது எனக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப்பார்த்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த நண்டு குப்பியில் அடைபட்டு என் கைப்பைக்குள் கிடந்தது.

கூட்டத்தை நடத்திய அதிகாரி பொறுமையானவர். "மேடம், நீங்களே சொல்லுங்க. இது வேற இனமா, இல்லையா? வேறண்ணு சொன்னா அப்பிடியே பதிஞ்சிருவோம். அதுக்கப்புறம் ஆய்வு முடியாம யாரும் தொடமுடியாது."

எழுந்து நின்றேன். முன்வரிசையில் அந்த அக்கா நல்ல சேலை உடுத்தி உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு உடலை வைத்து ஓர் இனத்தை அறிவிக்கக் கூடாது, அது ஊனமாகப் பிறந்ததாகக்கூட இருக்கலாம் என்று நான் வருடாவருடம் வகுப்பில் சொல்லிவருகிறேன். எங்கள் ஆட்கள் எல்லாக் கட்டுரையின் முடிவிலும் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு. அதுதான் வாயில் வந்தது.

"மேலும் ஆய்வு தேவை" என்றேன்.

அவ்வளவுதான். அறிவியல் நோக்கில் குறிப்பிட்ட ஆட்சேபணை இல்லை என்று பதிவாயிற்று. எச்சரிக்கையால்தான் அப்படிச் சொன்னேன் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. வேறு இனம் என்று சொல்லியிருந்தால், 'அப்போ உங்க திறவுகோல்?' என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். என்னைக் கும்பிட்ட மனிதரின் முன்னால் அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மீதிப் பாதி அது.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார். "என்ன டீச்சரே சொன்னிய? எனக்கு ஒண்ணும் பிடிகிட்டல்ல."

"இன்னும் பாக்கணும்ணு சொன்னேன் அக்கா."

"இனியும் பாக்கவா? அதான் நாம பாத்தாச்சுல்லா?"

நான் பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் ரோட்டைப் பார்த்தேன்.

ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கியதும் ஊற்றில் இன்னும் சில ஆண் நண்டுகள் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் நுனி வளைந்திருந்தது. எனக்கு நிச்சயம் வந்துவிட்டது. கூட்டத்தை நடத்திய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். கூட்டத்தில் தெரிவிக்காத ஆட்சேபணையை இப்போது ஏற்க இயலாது என்று பதில் வந்தது. நேரில் போனேன், கட்டுரை வெளிவந்துவிட்டதா என்று கேட்டார்கள். வெளிவரவில்லை. ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தேன். பெண் நண்டுகளின் அளவுகளும் வேண்டும் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை, அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அந்த அளவுகளுக்காக நான் மறுபடியும் போனபோது, குன்றின் மறுபக்கத்தில் வெடி வைக்கத் தொடங்கியிருந்தார்கள். டாரஸ் லாரிகள் ரப்பர் மரங்களுக்கு நடுவே புதுப்பாதை போட்டிருந்தன. இலைகளெல்லாம் வெள்ளைப் பொடி. ஊற்று நூலாகிவிட்டது. மிச்சமிருந்த நண்டுகளைப் பிடித்தோம். அக்கா வாளியைப் பிடித்துக்கொண்டார். பாதியை ஆல்கஹாலில் போட்டேன். மீதியைக் கல்லூரியில் ஒரு தொட்டியில், அந்தப் பாறையிலிருந்தே கொண்டுவந்த கல்லும் பாசியும் வைத்து வளர்க்கப் பார்த்தேன். ஒரு வாரத்துக்குள் எல்லாம் செத்தன. அதற்குப் பிறகு எங்கேயும் அந்த நண்டை நான் பார்க்கவில்லை. சுற்றியுள்ள குன்றுகளில் தேடாத இடுக்கு இல்லை.

கட்டுரை கடைசியில் வெளிவந்தது. புதிய இனம், புதிய பெயர், திருத்திய திறவுகோல். நண்பர்கள் வாழ்த்தினார்கள். துறையில் கேக் வெட்டினார்கள், நானும் தின்றேன். என் மாவட்டத்து நண்டுகளை இனி யாரும் அந்தப் படியில் தவறவிட மாட்டார்கள். தவறவிடுவதற்கு அந்தப் படியில் நண்டுதான் இல்லை.

அக்கா அந்த வீட்டை விட்டு, இரணியல் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். தண்ணீர் இல்லாத வீட்டை யாரும் வாடகைக்குக்கூட எடுக்கவில்லை. கட்டுரையின் நகலை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் போனேன். படத்தைக் காட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது அதில்ல டீச்சரே, இது வெளுத்துல்லா இருக்கு" என்றார். அதுதான் என்று விளக்கினேன். பிறகு திறவுகோலை வாசிக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மற்ற படிகளுக்கெல்லாம் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தார். ஏழாம் படி வந்தது.

"உயிரோட இருக்கும்போது கால் செவப்பு, பாறைக் கசிவுல மட்டும் நடமாட்டம்ணா, இந்தப் புது நண்டு. கால் மண் நிறம், வயலிலயும் ஓடையிலயும் மண்ணத் தோண்டி இருக்கும்ணா, வயல் நண்டு."

"இது நான் சொன்னதுல்லா?"

"ஆமா அக்கா. நீங்க சொன்னதுதான்."

தாளை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளின்மேல் விரலை ஓட்டினார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"இவ்வளவுதான் காரியம்ணா, அண்ணைக்கு அங்க வச்சே சொல்லியிருக்கலாமே டீச்சரே."

தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, சாயா போட எழுந்து உள்ளே போனார். விலைக்கு வாங்கி வைத்திருந்த கேனைச் சரித்து அவர் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.