தைக்காமல் விட்ட காயம்

என் கணவரின் காலில் குண்டு நுழைந்த இடம் சின்னது, வெளியே வந்த இடம் பெரியது. துணை ராணுவத்தில் இருக்கிறார். எங்கோ வடக்கே காட்டில் பணியில் இருந்தபோது பட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. அறுவை செய்து, காலுக்கு வெளியே இரும்புக் கம்பிகளைப் பூட்டி, முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். காயத்தை மட்டும் தைக்கவில்லை.

குண்டு போகும்போது துணி, அழுக்கு எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகுமாம். மேலே மூடினால் உள்ளே சீழ் வைத்துக் காலையே எடுக்க வேண்டி வரும், சதை வளர்ந்தபின் தொடைத் தோலை எடுத்து மூடலாம் என்றார் டாக்டர். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, "இருந்தாலும்..." என்பார்கள். அந்த "இருந்தாலும்" மேல் வந்த கோபம் எனக்குச் சுட்டவன் மேல்கூட வரவில்லை.

ஒரு ஞாயிறு காலை கொழுந்தனார் வந்தார். ஐயப்பன்தாங்கலில் ஆட்டோ ஓட்டுகிறவர், அண்ணன் என்றால் உயிர்.

"இன்னா அண்ணி, காயத்த இப்டி தொறந்து உட்டுக்கிறாங்க? எலும்பு முறிவுக்குக் கட்டு போட்ற நம்மாளு ஒர்த்தரு கீறாரு. முட்டப் பத்து போட்டு இறுக்கிக் கட்டுனா கூடிக்கும். வண்டி கீழ நிக்குது."

கை பிசகியிருந்தால் நானே கூட்டிப்போயிருப்பேன். இது அப்படியா?

"போய்த்தான் பாக்கலாமே" என்றார் இவர், சுவரைப் பார்த்தபடி. கட்டு மாற்றும்போதெல்லாம் சுவர்ப் பக்கம்தான் திரும்பிக்கொள்வார். காயத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. காயத்தைவிட எனக்கு அதுதான் பயம்.

கொழுந்தனாரைக் கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். கட்டைப் பிரித்து, மருந்து நீரில் நனைத்த துணியை அவர் கையில் கொடுத்தேன்.

"தொடைங்க."

மெல்லத் துடைத்தார். சிவந்த சதையில் ரத்தம் துளிர்த்தது.

"ரத்தம் வருது அண்ணி."

"வரணும். வந்தாத்தான் சதை உசுரோட கீதுன்னு அர்த்தம். இதப் போய் மூடிக் கட்டச் சொல்றீங்க."

பிறகு இவர் முகத்தைப் பிடித்துக் காயத்தின் பக்கம் திருப்பினேன். வெகுநேரம் பார்த்தார்.

"என் காலா இது?"

"உங்க காலுதான். இன்னும் கீது."

கொழுந்தனார் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். மறுநாள் கட்டு மாற்ற உட்கார்ந்தேன். இவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. எழுந்து உட்கார்ந்து, துணிக்காகக் கையை நீட்டினார்.